மாமன் கை வைக்கும்வரை

மருந்தை முதலில் ஏற்றிக்கொண்டு, அப்புறம் சோறு வருமா வராதா என்று வெறும் இலையைப் பார்த்தபடி நீங்கள் என்றைக்காவது உட்கார்ந்திருக்கிறீர்களா? செவ்வந்தி உட்கார்ந்திருந்தாள். சின்னமனூர் தாண்டி ரோட்டோரத்து மண்டபத்தில், நாத்தனார் கௌசல்யாவின் மகனுக்குக் காதுகுத்து, முதல் பந்தி, முதல் வரிசை, மேடையைப் பார்த்த இலை. இலை விரித்துத் தண்ணீர் தெளித்தாயிற்று, ஓரத்தில் உப்பும் வைத்தாயிற்று. அதைப் பார்த்த கையோடுதான் அவள் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்கிறவளைப்போலக் குனிந்து, பாவாடை நாடாவில் செருகியிருந்த பம்பைத் தடவி, பழகின விரலால் நாலு அமுக்கு அமுக்கி, ஒன்பது யூனிட் இன்சுலினை உள்ளே அனுப்பிவிட்டாள். இரண்டு தீப்பெட்டியை ஒட்டவைத்த அளவுதான் அந்த மிஷின். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கிளம்பி, தொப்புளுக்கு நாலு விரல் தள்ளி ஒட்டியிருக்கும் பிளாஸ்திரிக்குள் போய் மறையும். ராத்திரி பகல் பாராமல் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருக்கும். சாப்பாட்டுக்கு மட்டும் இவளாக அமுக்க வேண்டும், அதுவும் வாயில் சோறு வைக்கக் கால்மணி நேரம் முன்னால். டாக்டர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். விசேஷ வீட்டில் கடிகாரத்தைப் பார்த்து யார் சோறு போடுகிறார்கள்? அதனால் செவ்வந்தி தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். இலை போட்டுத் தண்ணீர் தெளித்தால் கால்மணியில் சோறு. கல்யாணம், வளைகாப்பு, கருமாதி என்று இந்த நாலு வருஷத்தில் எத்தனையோ பந்தியில் இந்தக் கணக்கு அவளைக் கைவிட்டதில்லை. இன்றைக்குக் கைவிட்டது. ஏனென்றால் அந்தப் பந்திகளிலெல்லாம் அவள் எங்கேயோ நடுவரிசையில் உட்கார்ந்தவள். இன்றைக்கு அவள் மாமன் பொண்டாட்டி. காதுகுத்துகிற பிள்ளைக்குத் தாய்மாமன் அவள் புருஷன் குபேந்திரன். மாமன் வந்து உட்கார்ந்து இலையில் கை வைக்கிறவரைக்கும் அந்த வரிசையில் ஒருத்தர் வாயிலும் ஒரு பருக்கை போகாது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், தண்ணீர் தெளித்த இலையைப் பார்த்ததும் விரல் தானாக இடுப்புக்குப் போய்விட்டது. விரலுக்கு மாமன் மச்சான் முறையெல்லாம் தெரியுமா என்ன.

நூற்றி நாற்பத்திரண்டு. அமுக்கும்போது பம்பின் சின்னத் திரையில் அதுதான் காட்டியது, புஜத்தில் ரவிக்கைக் கைக்குள் ஒட்டியிருக்கும் வில்லை அளந்து அனுப்புகிற சர்க்கரை அளவு. நல்ல எண். டாக்டர் அம்மா பார்த்தால் முதுகில் தட்டிக்கொடுக்கிற எண். அதை நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டுகூட இருந்தாள், ஒரு அஞ்சு நிமிஷம். மேடையில் குபேந்திரன் பட்டுவேட்டியோடு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், மொட்டைத்தலையில் சந்தனம் பூசின பிள்ளை ஊரைக் கூட்டுகிறது, ஒரு காது முடிந்தது, இன்னொரு காதுதானே, முடிந்ததும் வந்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பந்தி விசாரிக்கிறவன் கையில் லட்டுத் தட்டோடு வந்தான். ஒச்சம்மா பெரியம்மா இலையில் ஒரு லட்டு. குபேந்திரனுக்கென்று விட்டிருந்த ஆளில்லாத இலையில் ஒரு லட்டு. செவ்வந்தியின் இலைக்கு மேலே வந்த கை அந்தரத்தில் நின்றது. "அவளுக்கு வேணாம்யா, அவ இனிப்பை விட்டுருக்கா, சாமிக்கு," என்று ஒச்சம்மா சொல்ல, அவன் பயபக்தியோடு அந்தக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு அடுத்திருந்த மகள் மிதுலாவின் இலையில் ஒரு லட்டை வைத்துவிட்டுப் போனான். ஒச்சம்மா இவள் மாமியாருக்கு அக்கா முறை. நல்ல மனுஷி. நல்ல மனுஷர்களிடமிருந்து தப்பிப்பதுதான் கஷ்டம். கெட்டவர்கள் என்றால் திட்டிவிட்டாவது போகலாம். "எத்தன வருசமாச்சுத்தா விட்டு?" என்று கேட்டாள் ஒச்சம்மா. "ஆறு, பெரியம்மா." "ஆறு வருசமா. அந்தச் சாமிக்குக் கண்ணு இல்லியா. இந்த வருசம் பாரு, ஆம்பளப்புள்ளையோட நீ என் வீட்டு வாசலுக்கு வருவ. நான் என் கையால ஒனக்கு அதிரசம் ஊட்டுவேன்." செவ்வந்தி சிரித்தாள். சிரிப்பு அவளுக்கு எப்பவும் கைவசம் இருக்கும். சிரித்த முகம், சிரித்த முகம் என்று சொல்லித்தான் பெண் கேட்டு வந்தார்கள்.

அந்த வேண்டுதலை அவள் வேண்டவில்லை. எந்தச் சாமியிடமும் எந்த மலையிலும் போய் நின்று ஆம்பளைப்பிள்ளை கொடு என்று அவள் கேட்டதில்லை. மிதுலா பிறந்து மூன்றாம் மாதம் ஒரு கிரகப்பிரவேசத்தில், யாரோ ஒருத்தி வாயில் பால்கோவாவைத் திணிக்க வந்தபோது இவள் வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்துத் தடுக்க, "ஏன், புள்ளைக்கு என்ன சர்க்கரையா?" என்று அவள் விளையாட்டாகக் கேட்டுவிட்டாள். பக்கத்தில் நின்ற மாமியார் ராமுத்தாய், கண் இமைக்கிற நேரத்தில், "சீச்சீ, வாயக் கழுவு. அடுத்தது பையனாப் பெறக்கணும்னு சாமிக்கு இனிப்ப விட்டுருக்கா எம் மருமக," என்றாள். எவ்வளவு லட்சணமான பொய். எங்கிருந்துதான் வந்து விழுந்ததோ. அன்றைக்கு ராத்திரி குபேந்திரன்கூட மெச்சினான், எங்கம்மா மூளையே மூளை என்று. செவ்வந்திக்கும் அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது, அதைச் சொல்ல வேண்டும், அவள் மட்டும் என்ன யோக்கியம், ஒரு வாய் பொய்யில் நூறு பேர் கேள்வி அடங்கிவிட்டது என்று அவளும் அந்தப் பொய்யைப் போர்த்திக்கொண்டு படுத்தாள். அது போர்வை இல்லை, வலை என்று தெரிய ஆறு வருஷம் ஆனது. ஒவ்வொரு விசேஷத்திலும் ஒருத்தி வந்து அவள் வயிற்றைப் பார்ப்பாள். இன்னும் இல்லையா என்பாள். இன்னொருத்தி மிதுலாவின் தலையைத் தடவி, "பொட்டப்புள்ளையோட நின்னு போச்சேன்னு மனசு விட்றாதத்தா," என்பாள். மிதுலா அண்ணாந்து அம்மாவைப் பார்ப்பாள். தன் வாயாலேயே தன் மகளைப் போதாது என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்த மாதிரி ஆகிவிட்டது. நோயை மறைக்கப்போய், இல்லாத ஒரு ஆசையை அவள் பேரில் ஊருக்கே எழுதிக்கொடுத்துவிட்டாள் ராமுத்தாய். கேட்டால், "ஏத்தா, ஒனக்குச் சீக்குன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒம் மகள எவன் கட்டுவான்? ஆத்தாளுக்கு இருந்தா மகளுக்கும் வரும்னு சொல்ல மாட்டானா? எனக்கா ஒளிக்கிறேன், ஒம் மகளுக்குத்தான ஒளிக்கிறேன்," என்பாள். அந்த இடத்தில் செவ்வந்தி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில்தான். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு எங்கே குத்த வேண்டும் என்று தெரிந்தவள் ராமுத்தாய்.

நூற்றிப் பதினாறு. பக்கத்தில், இறங்குகிறது என்று சாய்ந்த அம்பு. குழம்பு வாளியை எடுத்துக்கொண்டு வந்து தூணோரம் வைத்துவிட்டுப் போனார்கள். கறிக்குழம்பு வாசனை. ஒன்பது யூனிட் உள்ளே போயிருக்கிறது, ஒன்பது யூனிட்டுக்குச் சோறு வேண்டும், இரண்டு அகப்பைச் சோறு, குழம்புக்கு ஒன்று, ரசத்துக்குக் கொஞ்சம், மோருக்குக் கொஞ்சம், எல்லாம் சேர்த்துத்தானே ஒன்பது. சோறு வராவிட்டால் அந்த ஒன்பதும் சும்மா இருக்காது. ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையைப் பிடித்துத் தின்னும். பம்பை நிறுத்தலாம், நிறுத்தியும்விட்டாள், மறுபடி கொசுவத்தைச் சரிசெய்து. ஆனால் நிறுத்தினால் இனிமேல் போகிறதுதான் நிற்கும். போனதைத் திரும்ப வாங்க முடியாது. வாயிலிருந்து போன சொல் மாதிரி என்று நினைத்தாள், அப்புறம், சொல்லையாவது தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லலாம், இதற்கு அதுவும் இல்லை. காலையிலிருந்து வெயிலில் சீர்த்தட்டுத் தூக்கிக்கொண்டு கோயிலிலிருந்து மண்டபம்வரை நடந்தது வேறு. பழத்தட்டு, பூத்தட்டு, பிள்ளைக்குத் துணிமணித் தட்டு, கொட்டுக்காரர்கள் நின்று நின்று அடிக்க, நின்று நின்று நடந்தது. நடந்தால் இன்னும் இறங்கும். இதெல்லாம் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். ஒன்பது ஜாஸ்தி, ஏழு போட்டிருக்கலாம். இல்லை, ஏழு போட்டிருந்தாலும் சோறு வந்தால்தானே. குளுக்கோஸ் மாத்திரை டப்பா கைப்பையில் இருக்கிறது. கைப்பை மாடி அறையில் இருக்கிறது. அறை பூட்டியிருக்கிறது, நகையெல்லாம் உள்ளே இருப்பதால். சாவி ராமுத்தாயின் இடுப்பில் இருக்கிறது. "மாமன் பொண்டாட்டி தோள்ல ரெக்சின் பையத் தொங்கவிட்டுக்கிட்டா சீர்த்தட்டுத் தூக்குவா? பாக்குறவுக சிரிக்க மாட்டாக? குடு இங்க," என்று காலையில் பிடுங்கி உள்ளே போட்டுப் பூட்டினாள். இரண்டு மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டிருக்கலாம். பட்டுப்புடவையில் முடிச்சுப் போடக் கூடாது, கசங்கிவிடும். சரி, கசங்கக் கூடாது. உயிர் போனாலும் பட்டு கசங்கக் கூடாது.

தொண்ணூற்றி ஒன்று. கொசுவ மடிப்பை விரலால் விலக்கிப் பார்த்தபோது அம்பு நேராகக் கீழே பார்த்தது. மேடையில் இரண்டாவது காதும் குத்தி முடித்துவிட்டார் ஆசாரி. அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள் போட்டோக்காரன் கையை உயர்த்திவிட்டான். குத்தும்போது மாமன் முகம் மறைந்துவிட்டதாம், ஆசாரி முதுகு மறைத்துவிட்டதாம், இன்னொரு தரம் குத்துகிற மாதிரி செய்ய வேண்டுமாம். குத்தின காதில் குத்துகிற மாதிரி. பிள்ளை ஊசியைப் பார்த்ததுமே வீரிட்டது. குபேந்திரன் சிரித்தபடி தோளை நிமிர்த்தி உட்கார்ந்தான். அவனுக்குப் போட்டோ என்றால் போதும். நல்லவன்தான். போர்வெல் மோட்டார் மெக்கானிக். எவ்வளவு ஆழத்தில் மோட்டார் நின்று போனாலும் மேலே நின்று சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். பொண்டாட்டி இடுப்பில் இருக்கிற மோட்டார் என்ன சத்தம் போடுகிறது என்று மட்டும் அவன் காதில் விழாது. "எங்கம்மா சொல்றதும் சரிதான செவ்வந்தி" என்பது அவன் பேச்சில் தேய்ந்துபோன வாக்கியம். இங்கே பாரு, இங்கே ஒரு தடவை பாரு, இந்த இலையைப் பாரு என்று அவள் அவனைப் பார்த்தாள். அவன் காமிராவைப் பார்த்தான்.

பதினொரு வயசில், ஆறாம் வகுப்பில், காலைப் பிரார்த்தனையில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே மண்ணில் சரிந்ததுதான் ஆரம்பம். அதற்கு ஒரு மாசம் முன்னாலிருந்தே தாகம், குடம் குடமாகத் தண்ணீர், வகுப்பில் இருந்து பத்துத் தடவை வெளியே ஓட்டம். டீச்சர் ஓட்டைக்குடம் என்று பேர் வைத்தார். தேனி ஆஸ்பத்திரியில் எட்டு நாள். வீட்டில் பிரிட்ஜ் இல்லை. அவள் அம்மா ஒரு புதுப் பானையில் மணலைப் போட்டுத் தண்ணீர் தெளித்து, அதற்குள் ஒரு சின்னச் சட்டியை வைத்து, அதில் இன்சுலின் குப்பியை வைத்தாள். தினம் அந்த மணலுக்குத் தண்ணீர் தெளிப்பது செவ்வந்தியின் வேலை. அவள் பிறந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பானையில் என்ன என்று கேட்டால் செவ்வந்தி மருந்து என்று எல்லாரும் சொல்வார்கள். பக்கத்து வீட்டு அக்கா வழியில் பார்த்தால், "என்னடி, ஊசி போட்டியா, சோறு தின்னியா?" என்று கேட்பாள். கேட்டது அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த ஒரு கேள்வியை இந்த மண்டபத்தில் யாராவது ஒருத்தர் கேட்டால் காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது. கேட்க மாட்டார்கள், அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது யார், நாம்தானே. நாம் என்றால் யார்.

எழுபத்தி நாலு. பம்பு இடுப்பில் ஒரு தரம் அதிர்ந்தது, பிடித்துவைத்த தட்டானைப்போல. நாக்கு நுனி மரத்துவிட்டது. மேலுதட்டில் எறும்பு ஊருகிற மாதிரி. பிடரியில் வியர்வை கிளம்பி ரவிக்கைக்குள் இறங்கியது. ஏறினாலும் ஆகாது, இறங்கினாலும் ஆகாது, கிணற்றுமேட்டில் கட்டிப்போட்ட ஆடு மாதிரி நடுவிலேயே நிற்க வேண்டும், கயிறு நீளம் அவ்வளவுதான். ஏறினது ஒரு தடவை. மூன்று வருஷம் முன்னால் கௌசல்யா கல்யாணத்தில், ராமுத்தாய் தன் ஒட்டியாணத்தைக் கொண்டுவந்து இவள் இடுப்பில் இறுக்கி மாட்டினாள். அதற்கடியில் குழாய் மடங்கிப்போனது யாருக்கும் தெரியவில்லை. மருந்து இறங்கவில்லை. மத்தியானத்துக்குள் நானூறு. தாகம், தலை சுற்றல், பழுத்த பழம் அழுகின மாதிரி வாயில் ஒரு நாற்றம், அப்புறம் வாந்தி. மண்டபத்துக் குழாயடியில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்துவிட்டு ராமுத்தாய் என்ன செய்தாள் தெரியுமா. ஓடிப்போய் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தாள், மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று. முகமெல்லாம் சிரிப்பு. தன் பொய்யைத் தானே நம்பினவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். மயங்கி விழுந்த பிறகுதான் காரில் தூக்கிப் போட்டார்கள். மூன்று நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து கண் விழித்தபோது, மாமியார் டாக்டர் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தது முதலில் காதில் விழுந்தது. "கரு தங்குச்சாம்மா?" உயிர் தங்கியதா என்று கேட்க மறந்துவிட்டாள். டாக்டர் அம்மா கேஸ் சீட்டை மூடி வைத்துவிட்டு, "கரு எதுவும் இல்லம்மா, குழாய்தான் மடங்கியிருந்துச்சு," என்றார். ஊருக்கு வந்து ராமுத்தாய் கலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டாள். அதற்கு நாலு பேர் துக்கம் விசாரிக்க வந்தார்கள். இல்லாத பிள்ளைக்கு. செவ்வந்தி சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தார்கள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். இப்போது நினைத்தால் அது சிரிப்பா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

லட்டு. இடது பக்கம் குபேந்திரன் இலையில் ஒரு லட்டு. அதற்கு அந்தாண்டை ஒச்சம்மா இலையில் ஒரு லட்டு. வலது பக்கம் மிதுலா இலையில் ஒரு லட்டு, அதில் ஒரு முந்திரி, பாதி வெளியே தெரிகிறது. வரிசை முழுக்க லட்டு. தன் இலை மட்டும் பச்சையாக, உப்போடு. பதினேழு வருஷமாக லட்டைப் பார்த்தால் எட்டிப் போ என்றார்கள். இப்போது அந்த லட்டுதான் மருந்து. மருந்து ஒரு முழம் தூரத்தில் இருக்கிறது, எடுத்தால் சாமி குத்தம். மாமனுக்கு முன்னால் எடுத்தால் மாமன் மரியாதைக் குத்தம். எழுந்து போகலாம். இலையில் உட்கார்ந்தவள் எழுந்தால் அபசகுனம், அதுவும் பிள்ளைக்குக் காது குத்துகிற நாளில், அதுவும் மாமன் பொண்டாட்டி. தவிர எழுந்தால் கால் நிற்குமா. நிற்காது. முழங்காலுக்குக் கீழே யாரோ கழற்றி வைத்துவிட்ட மாதிரி இருந்தது. மைக்கில் ஒருத்தன் சீர்வரிசையைப் படித்துக்கொண்டிருந்தான். தாய்மாமன் சீர், கிடா ஒன்று, மூன்று சக்கர சைக்கிள் ஒன்று, வெள்ளி அரைஞாண் ஒன்று. ஒன்று ஒன்று ஒன்று. லட்டு ஒன்று. ஒரு லட்டில் எத்தனை கிராம் என்று டாக்டர் அம்மாவின் அட்டையில் போட்டிருக்கும், முப்பதா, இருபதா, முந்திரியைச் சேர்த்தா சேர்க்காமலா, முந்திரி கணக்கில் வராது, முந்திரிக்கு மருந்து இல்லை, மருந்துக்கு முந்திரி இல்லை, என்ன யோசித்துக்கொண்டிருந்தோம். சாவி. சாவி இடுப்பில். யார் இடுப்பில். என் இடுப்பில் பம்பு, அத்தை இடுப்பில் சாவி. இரண்டும் இடம் மாறியிருக்கலாம்.

ராமுத்தாய் வந்தாள். இலை வரிசைக்கு எதிரில் விசாரித்துக்கொண்டே வந்தவள் இவள் முகத்தைப் பார்த்ததும் நின்றாள். அவளுக்குத் தெரியும். வீட்டில் இரண்டு தடவை இந்த முகத்தைப் பார்த்து அவளே சீனித்தண்ணீர் கரைத்து ஊற்றியிருக்கிறாள், அதையும் சொல்ல வேண்டும், கரண்டியைத் தேடாமல் விரலாலேயே கலக்கினவள். இப்போது தண்ணீர் வைக்கிறவளைப்போலக் குனிந்து, உதடு அசையாமல் கேட்டாள். "எறங்குதா?" செவ்வந்தி இமையை மூடித் திறந்தாள். "பை வேணும் அத்தே." "ரூமுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள அவன் வந்துருவான்த்தா. வர்றான் பாரு, எந்திரிச்சுட்டான் பாரு. அஞ்சு நிமிசம் பல்லக் கடிச்சுக்க. ஒச்சம்மா ஒக்காந்துருக்கா, அந்தப் பக்கம் தேவாரம் ஊர்ச் சொந்தக்காரவுக ஒக்காந்துருக்காக. எம் பேத்தி நல்லா இருக்கணும்ல." சொல்லிவிட்டு முந்தானையால் மருமகளின் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். பார்க்கிறவர்களுக்கு எவ்வளவு பிரியமான மாமியார் என்று தோன்றியிருக்கும். பிரியம் இல்லாமலும் இல்லை. அதுதான் கசப்பு. விஷம் என்றால் துப்பிவிடலாம். இது பாலில் கலந்த விஷமும் இல்லை, பாலே திரிந்தது. மேடையில் குபேந்திரன் எழுந்தான், நிஜம்தான், எழுந்து நின்று பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தான். போட்டோக்காரன் இன்னும் உயரமாக என்றான்.

ஐம்பத்தெட்டு. பம்பு இப்போது விடாமல் அதிர்ந்தது. "அம்மா," என்று கூப்பிட்டாள் மிதுலா. ஒன்றாம் வகுப்புப் படிக்கிறவள், ஆறு வயசு. அம்மாவின் தொடையோடு ஒட்டி உட்கார்ந்திருந்ததால் அந்த அதிர்வு அவளுக்கும் போனது. அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அம்மாவின் முழங்கையைப் பிடித்து இழுத்து, காதோடு காதாக, அப்பத்தாவைப்போலவே உதடு அசையாமல் கேட்டாள். "பாட்டுப்பொட்டி அடிக்குதும்மா. எறங்கிருச்சா?" பாட்டுப்பெட்டி. அம்மா இடுப்பில் என்ன என்று யாராவது கேட்டால் பாட்டுப்பெட்டி என்று சொல்ல வேண்டும் என்று ராமுத்தாய் சொல்லிக்கொடுத்தது. அ, ஆ எழுதுவதற்கு முன்னால் கற்றுக்கொண்டது. உதட்டை அசைக்காமல் பேச யார் சொல்லிக்கொடுத்தார்கள்? யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்துப் படித்தது. செவ்வந்திக்குத் தலைக்குள் எல்லாம் நழுவிக்கொண்டிருந்தபோது இது மட்டும் நழுவாமல் ஆணியடித்த மாதிரி நின்றது. இவளுக்கு வந்தால். வராது, வரக் கூடாது, நூற்றில் நாலு பேருக்குத்தான் வருமாம், டாக்டர் அம்மா சொல்லியிருக்கிறார். ஆனால் வந்தால். இன்னும் இருபது வருஷம் கழித்து, எவன் வீட்டுப் பந்தியிலோ, எவன் மாமனுக்காகவோ, இப்படி வெறும் இலை முன்னால் உட்கார்ந்து, உதடு அசையாமல், பல்லைக் கடித்துக்கொண்டு. அவளை எவன் கட்டுவான் என்பதற்காக இவ்வளவும். கட்டுகிறவன் வீட்டில் இப்படிச் சாவதற்காகவா.

மிதுலா தன் லட்டை எடுத்துவிட்டாள். இரண்டாக உடைக்கப் பார்த்தாள், உடையவில்லை, முழுசாகவே நீட்டினாள். "ஏ புள்ள, புள்ள," என்றாள் ஒச்சம்மா, ஆளில்லாத இலைக்கு மேல் எட்டிக் கையை நீட்டி. "அம்மாவுக்குக் குடுக்காத, சாமி குத்தமாயிரும். வெவரம் தெரியாத புள்ள." மிதுலாவின் கை பாதியில் நின்றது. அவள் அப்பத்தாவைப் பார்த்தாள், பெரிய அப்பத்தாவைப் பார்த்தாள், அப்புறம் அம்மாவைப் பார்த்தாள். லட்டு விரலிடுக்கில் உதிர ஆரம்பித்தது. செவ்வந்தி அந்தக் குட்டிக் கையை மணிக்கட்டோடு பிடித்தாள். அவள் கை நடுங்கின நடுக்கத்தில் இரண்டு கையும் சேர்ந்து நடுங்கின. கையோடு வாய்க்குக் கொண்டுபோய் மகள் விரலோடு சேர்த்துக் கவ்வினாள். இனிப்பு உடனே தெரியவில்லை. நாக்கு மரத்திருந்தது. மண்ணைத் தின்கிற மாதிரி இருந்தது, அப்புறம் மெதுவாக, ஓரத்திலிருந்து, இனித்தது. இலையில் உதிர்ந்த பூந்தியைக்கூட வழித்து எடுத்து வாயில் போட்டாள். வரிசை முழுக்கத் தலைகள் இந்தப் பக்கம் திரும்பின. மைக்கில் படிக்கிறவன் மட்டும் வெண்கலக் குத்துவிளக்கு ஒரு ஜோடி என்றான்.

ஒச்சம்மா வாயில் கை வைத்தாள். அவள் முகத்தில் பயம் வந்தது, அப்புறம் அந்தப் பயத்துக்குள்ளிருந்து ஏதோ ஒன்று மலர்ந்தது. "ஏத்தா," என்றாள் மெதுவாக, "விசேசமா?" அவ்வளவுதான். அந்தக் கேள்வி அடுத்த இலைக்கும் அதற்கடுத்த இலைக்கும் பரிமாறப்பட்டது, சோற்றுக்கு முன்னால். தேவாரத்துக்காரர் வீட்டு அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். வேண்டுதல் பலித்தால்தானே விட்டதைத் தின்ன முடியும். ராமுத்தாயின் கண்ணில் அந்த வெளிச்சம் வந்ததைச் செவ்வந்தி பார்த்தாள். கிரகப்பிரவேச வீட்டில் வந்த அதே வெளிச்சம். ஒரு நொடிதான். "பின்ன என்னக்கா," என்றாள் ராமுத்தாய், குரலைத் தூக்கி, "சாமி கண்ணத் தொறந்துட்டாரு. நாள் தள்ளிப் போயிருக்கு. நானே இப்பச் சொல்ல வேணாம்னு இருந்தேன்." யாரோ ஒருத்தி குலவை போட்டாள். செவ்வந்திக்கு வயிற்றில் லட்டு இருந்தது, வேறொன்றும் இல்லை. ஒன்பது மாசத்துக்கு ஒரு பொய். இல்லை, ரெண்டு மாசத்தில் கலைந்துவிட்டது என்று இன்னொன்று. அதற்குத் துக்கம் விசாரிக்க இன்னும் நாலு பேர். மறுபடியும் சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும், இந்தத் தடவை மிதுலாவும் பக்கத்தில் உட்கார்ந்து, தலைப்பை எப்படி வைத்துக்கொள்வது என்று பார்த்துப் படிப்பாள். ராமுத்தாய் குனிந்து அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். கழிக்கிற சாக்கில் காதோடு சொன்னாள். "ஆமான்னு ஒரு தடவ தலையாட்டிருத்தா. எனக்காக இல்ல."

ஐம்பத்தி நாலு. இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஒரு லட்டு போதாது. ஏறுவதற்குக் கால்மணி நேரம் ஆகும், சோறு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, மேடையில் குபேந்திரன் குலவைச் சத்தம் கேட்டு என்னவென்று தெரியாமல் இந்தப் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். எல்லா முகமும் அவள் தலை ஆடுவதற்காகக் காத்திருந்தன. மிதுலா தன் பிசுபிசுத்த விரலைச் சூப்பாமல் அப்படியே நீட்டிவைத்துக்கொண்டு, அம்மா என்ன செய்யப்போகிறாள் என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். செவ்வந்தி தலையாட்டவில்லை. கொசுவத்தைச் சரிசெய்கிறவளைப்போலக் குனியவும் இல்லை. நேராக உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க இடுப்பில் கையை விட்டு, பம்பை வெளியே எடுத்து, உப்புக்குப் பக்கத்தில் இலைமேல் வைத்தாள். அது அங்கே கிடந்து தட்டானைப்போல அதிர்ந்தது. அதிலிருந்து குழாய் புடவைக்குள் போவதை ஒச்சம்மா கண்ணால் தொடர்ந்து போய்ப் பார்த்தாள். லட்டுத் தட்டோடு தூணோரம் நின்றிருந்த பந்திக்காரனைச் செவ்வந்தி கையாட்டிக் கூப்பிட்டாள். நாக்கு குழறியது, ஆனால் உதடு நன்றாக அசைந்தது.

"அண்ணே, எனக்குச் சர்க்கரை நோய். பதினோரு வயசுல இருந்து இருக்கு. இன்னொரு லட்டு வைங்க."